ஊசியும் உருண்டையும்

செப்டம்பர் 27, சனி

இன்று சிஃபிஸ் அண்ணன் என்னைத் தன் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனான். எங்கள் மலை ஊரிலிருந்து ஹெராக்லியோன் நகரம் வரை பஸ்ஸில் வாந்தி எடுக்கவில்லை. அதுவே சாதனை.

அண்ணன் ஊசி வளர்க்கிறான். அப்படித்தான் சொல்ல வேண்டும். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஈய ஆக்சைடு, அதாவது ஈயத்தின் துரு, மயிரிழையைவிட மெல்லிய ஊசிகளாக முளைத்து நிற்கிறது. வெறும் கண்ணுக்கு மஞ்சள் பூஞ்சைதான். அதை ஓர் உப்புக் கரைசலில் மெதுவாக இறக்கினான். ஓரத்திலிருந்து ஆரஞ்சு நிறம் ஏறியது, துணியில் கறை ஊறுவதுபோல. பிறகு விளக்கை அணைத்துவிட்டு புறஊதாக்கதிர் டார்ச்சை அடித்தான். பச்சை! இருட்டில் பூனை திரும்பிப் பார்த்த மாதிரி.

“அவசரப்பட்டா உள்ளயே வீங்கி வெடிச்சு மாவாயிடும்,” என்றான். “பொறுமையா விட்டா உருவம் அப்படியே நிக்கும். ஊசி ஊசியாவே இருக்கும். உள்ள இருக்கற ஆளு மட்டும் அடியோட மாறிடுவான்.”

“வெளிய யாருக்கும் தெரியாதா?”

“விளக்கடிச்சாத் தெரியும்.”

பெரோவ்ஸ்கைட் என்று பெயர். இவனுடையது ஏடு ஏடாக இருக்கும் வகை. ஈயம் ஓர் ஏடு, அதன் மேல் நீள வால் வைத்த மூலக்கூறுகள், மறுபடி ஈயம். பாலாடைக்கட்டி அடைக்கு அம்மா மாவை மெல்லிசாக இழைத்து நடுவில் எண்ணெய் தடவி அடுக்குகிறாளே, அதே கணக்கு. ஏடில்லாத வகை கடற்காற்று பட்டால் செத்துவிடும். இது தாங்கும். இதற்காக அவனுக்கு முனைவர் பட்டம் கொடுக்கப்போகிறார்கள்.

“பட்டம் வேறயா? அந்த மூக்குக்கே தனியா ஒரு நாற்காலி வேணும்,” என்றாள் க்ளியோனிக்கி. அவனோடு வேலை பார்க்கிறவள். அண்ணன் காது சிவந்தது. ஓஹோ.

பள்ளி அறிவியல் நாளுக்கென்று சொட்டு மூடி போட்ட ஒரு குப்பிக் கரைசலும் அந்த டார்ச்சும் கொடுத்தான். பழைய பெயின்ட், தூண்டில் குண்டு, எதில் ஈயம் இருந்தாலும் இரண்டு சொட்டு போதுமாம். ஈயத்தின் மேல்துரு அங்கேயே பெரோவ்ஸ்கைட்டாகிப் பச்சை அடிக்குமாம்.

வீட்டுக்கு வந்தால் ஹரிதிமோஸ் மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா செத்த பிறகு இந்த வீட்டின் ஆண்குரல் அவருடையதுதான். அம்மாவின் ஒரே தம்பி. மாமி வசந்தத்தில் போனதிலிருந்து கருப்புச் சட்டை, கருப்புக் கோட்டு, வளர்ந்த தாடி. அவர் வேட்டைத் துப்பாக்கி சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்குகிறது. துக்கம் காக்கிற ஆண் சுடமாட்டான்.

“ஊசி வளக்கிறானாம்,” என்றார் வாய் நிறைய ரொட்டியோடு. “ஏன்டா மாப்ள, ஆடு வளத்தாப் பாலாவது வரும். உன் ஊசியக் கறந்தா என்னடா வரும்?”

அண்ணன்கூடச் சிரித்துவிட்டான்.

செப்டம்பர் 29

போர்வைக்குள் அந்த டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். காகிதம் நீலமாக மின்னுகிறது. வெளிச்சம் வெளியே கசியாது. அம்மா நான் தூங்குவதாக நினைக்கிறாள்.

இன்று டார்ச்சை விறகுக் குவியலில் அடித்தால், கரைசலே இல்லாமல் ஒரு தேள் தானாகவே பச்சையாக ஒளிர்ந்தது. அண்ணனின் பழைய சட்டையின் கைகளில் வரிசையாகச் சொட்டு விட்டுப் பார்த்தேன். இரண்டு கைகளும் முழங்கைவரை பச்சை! “நீ ஒரு நடமாடும் ஈயக் கடை,” என்றேன். “அந்த ஊசித்தூசு எத்தனை துவைச்சாலும் போகாது வாலு,” என்றான்.

அக்டோபர் 5, ஞாயிறு

எழுதத் தொடங்கி இரண்டு பக்கம் கிழித்துவிட்டேன். மறுபடி எழுதிப் பார்க்கிறேன்.

மிரோன் செத்துவிட்டான்.

முதலிலிருந்து. பாதிரியாரின் பேத்திக்கு ஞானஸ்நானம். ஊரே தேவாலய முற்றத்தில். குழந்தைக்குப் பெயர் வைத்ததும் ஆண்கள் சுட ஆரம்பித்தார்கள், வழக்கம்போல. எவ்வளவு சத்தமோ அவ்வளவு மரியாதை. அத்தனை பேரில் இரண்டு பேர்தான் சுடவில்லை. துக்கத்துக்காக மாமா. அண்ணன் எப்போதும் சுடமாட்டான்.

மேட்டுத் தெருவில் ஆடு மேய்க்கிற மிரோன் நன்றாகக் குடித்திருந்தான். மாமாவின் ஆடுகளைத் திருடி ஓட்டிப்போனவன் என்று போன வருஷம் பேச்சு எழுந்ததே, அதே மிரோன். பாதிரியார் நடுவில் நின்று இருவரையும் கைகுலுக்க வைத்திருந்தார். அவன் என் அண்ணன் எதிரில் வந்து எங்கள் வர்திஸ் குடும்பத்தின் மேல் பாட்டுக் கட்டினான்:

“வர்திஸ் வீட்டுச் சேவலுக்குக் கொண்டை இருக்கு, குரல் இல்ல,
வெடிக்கச் சொன்னா ஊசி கோக்கும், வேற ஒண்ணும் வரவில்ல!”

எல்லோரும் சிரித்தார்கள். தன் கைத்துப்பாக்கியை அண்ணன் கையில் திணித்தான். “ஒண்ணே ஒண்ணு போடு மச்சான். குழந்தை பயப்படாது, நீ பயப்படாம இருந்தா சரி.”

அண்ணன் அதை வாங்கினான். பார்த்தான். பக்கத்தில் ஆட்டுச்சாற்றில் சோறு கொதித்துக்கொண்டிருந்த அண்டாவில் போட்டுவிட்டான். “வேகட்டும்,” என்றான்.

இப்போது மிரோனைப் பார்த்துச் சிரித்தார்கள். அதுதான் தப்பாகிவிட்டது. மிரோன் அறைந்தான். அண்ணன் குத்தினான். மிரோனின் மூக்கிலிருந்து ரத்தம் சட்டையில் கொட்டியது. விலக்கிவிட்டார்கள். சண்டை மறக்கட்டும் என்று யாரோ “போடுங்கடா!” என்று கத்த, முற்றம் முழுக்க ஒரே நேரத்தில் வெடித்தது.

புகைக்குள் மிரோன் மண்டியிடுவது தெரிந்தது. மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்தேன். கடவுளே, அப்படித்தான் நினைத்தேன். அவன் கழுத்தைப் பிடித்திருந்தான். விரல்களுக்கு நடுவே ரத்தம் துடித்துத் துடித்து வந்தது. சுட்டவர்கள் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மா கலாதியா கையில் சோற்றுத் தட்டோடு நின்றிருந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். போடவில்லை, வைத்தாள். பிறகுதான் கத்தினாள்.

அவன் தம்பி தியோஹாரிஸ் ரத்தத்தில் கையை முக்கி எங்கள் பக்கம் நீட்டினான். “சிஃபிஸ்!” என்றான்.

அக்டோபர் 7

போலீஸ் அண்ணனை விட்டுவிட்டது. மிரோனைச் சுட்ட துப்பாக்கி கிடைக்கவில்லை, சாட்சி இல்லை. ஆனால் அவன் கையைத் துணியால் ஒற்றிப் பார்த்ததில் ஈயம் வந்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் தெரிந்தது காபிக்கடைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

தியோஹாரிஸ் எங்கள் வாசலில் நின்று கத்தினான். “நாங்க எல்லாரும் சுட்டோம்! எங்களுக்குள்ள மறைக்கல! நீதான சுடலன்னு சொன்ன? அப்ப உன் கையில ஈயம் எங்கருந்துடா வந்துச்சு?”

“நான் வேலை பாக்கறதே ஈயத்துலதான்!” அண்ணனும் கத்தினான். “நாள் முழுக்க!”

“கேட்டீங்களா? ஊசியாம்! ஊசி குத்தித்தான் எங்கண்ணன் செத்தானாம்!”

வழக்கத்தைப் பழித்தவன் பேச்சை யார் கேட்பார்கள்? எல்லோரையும் போல வானத்தைப் பார்த்து இரண்டு குண்டு போட்டிருந்தால் இன்று அவனை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

மாமா வந்து மாமியின் படத்தின் மேல் கை வைத்தார். “செத்தவ மேல ஆணை. நான் சுடல, எங்க மாப்ளயும் சுடல.” அம்மா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

அக்டோபர் 8

அடக்கம். நாங்கள் போகவில்லை. ஆனால் ஒப்பாரி ஊர் முழுக்கக் கேட்டது. கலாதியா மார்பில் அறைந்துகொண்டு பாடினாள். உன் சவரக் கத்தியை ஆணியில் மாட்டிவிட்டேன் மகனே, உன் தம்பி முகம் மழிக்கும் நாளில் நீ தூங்கு என்றாள்.

அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். பழி தீரும்வரை தியோஹாரிஸ் தாடி எடுக்கமாட்டான்.

அக்டோபர் 11

எங்கள் நாய் முரோ. வாயிற்கம்பியில் பின்னங்கால்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். தொண்டை காதிலிருந்து காதுவரை. வாய்க்குள் ஒரு ஊசி. தையல் ஊசி.

அண்ணன்தான் இறக்கினான். அவன் அழுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 13

சாப்பிட உட்கார்ந்தோம். ஜன்னல் வெடித்து உள்ளே வந்தது. சூப்பில் கண்ணாடி. அம்மா என் தலையைத் தரையோடு அழுத்தினாள். என் வாயில் மண், அவள் மோதிரம் என் காதைக் கிழித்தது. மூன்று, நான்கு — எண்ணவில்லை. குண்டு போய்ப் புகுந்த இடத்தில் அப்பாவின் படம் இருந்தது. இப்போது அப்பாவுக்கு வாய் இல்லை.

மாமா தன் பிக்கப் வண்டியோடு வந்தார். “இனி இங்க வேணாம். மேல மலையில என் பழைய கல்கொட்டில் இருக்கு. ஆடு போறதயே நிறுத்தி வருஷமாச்சு, ஒரு குஞ்சுக்கும் வழி தெரியாது. நான் வெச்சுக் காப்பாத்துறேன்.”

அம்மா மாவுப் பெட்டியைத் திறந்து அடியில் கையை விட்டாள். அப்பாவின் கைத்துப்பாக்கி. வெள்ளை வெள்ளையாக மாவு உதிர்ந்தது. அது அங்கே இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை நாள் அதன் மேலிருந்து எடுத்த மாவிலா ரொட்டி தின்றோம்?

“எடுத்துக்கடா.”

“வேணாம்மா.”

“உன் காலப் பிடிச்சுக் கேக்கறேன்டா.”

“அத எடுத்தா அவங்க சொன்னது நிஜமாயிடும்,” என்றான். அண்ணன் கோட்டு மெல்லிசு என்று மாமா தன் ஆட்டுத்தோல் மேலங்கியைப் போர்த்திவிட்டார். போய்விட்டார்கள். அம்மா துப்பாக்கியை மறுபடி மாவுக்குள் புதைத்தாள், குழந்தையைத் தூங்க வைப்பதுபோல.

அக்டோபர் 16

பள்ளியில் என் மேசைமேல் ஒரு தோட்டா. நிமிர்த்தி வைத்திருந்தார்கள். டீச்சர் பார்த்தார். பார்க்காததுபோலப் பாடம் நடத்தினார்.

பள்ளிக்கு எதிரே காபிக்கடையில் தியோஹாரிஸ் தினமும் உட்கார்ந்திருக்கிறான். கன்னம் கருத்துக்கொண்டு வருகிறது. நான் போகும்போது கப்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறான். இன்று மட்டும் சொன்னான்: “அண்ணன் எங்க பாப்பா? சொன்னா உனக்குத்தான் நல்லது.” நான் சிறுநீர் கழித்துவிட்டேன். கொஞ்சம். யாரும் பார்க்கவில்லை.

அக்டோபர் 18

இதை எழுதலாமா? எழுதாமல் இருந்தால் தலை வெடித்துவிடும்.

மாமியின் நினைவுப் பூசைக்குப் பித்தான் தைக்கச் சொல்லி மாமா தன் கருப்புக் கோட்டை அம்மாவிடம் கொடுத்திருந்தார். ஞானஸ்நானத்துக்குப் போட்டிருந்த அதே கோட்டு. அது ஜன்னலில்லாத சாமான் அறையில் தொங்கியது.

நான் தேடியது அவரை அல்ல. சத்தியமாக. அன்று கட்டியிருந்த என் பாவாடையில்தான் முதலில் சொட்டு விட்டுப் பார்த்தேன். அன்றைய புகை எங்கள் எல்லோர் மேலும் பட்டதா, அப்படியென்றால் அண்ணன் கையில் ஈயம் இருப்பது அதிசயமில்லை என்று போலீஸிடம் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். பாவாடையில் அங்கங்கே பச்சைப் புள்ளி, நட்சத்திரம் மாதிரி. மாமா கோட்டின் தோளிலும் அதேபோலத்தான். சரி, எல்லோருக்கும் தூவியிருக்கிறது.

பிறகு உள்பையை வெளியே இழுத்தேன். ஏன் இழுத்தேன்? அது ஒரு கை வைக்கும் இடம், அவ்வளவுதான். துணி நனையும்வரை சொட்டுச் சொட்டாக விட்டேன். காத்திருந்தேன்.

பை முழுக்க எரிந்தது. அடித்தையல்வரை. அம்மா போட்ட கோடுபோட்ட உள்துணி, ஒரு கோடும் தெரியவில்லை, பச்சை மட்டும். பட்டனுக்குள் மூடியிருக்கும் பைக்குள் ஊர்ப்புகை எப்படிப் போகும்? சுட்ட துப்பாக்கியைச் சூடாக உள்ளே வைத்தால் ஒழிய?

மாமியின் படத்தின் மேல் வைத்த கை. அம்மா முத்தமிட்ட கை.

உள்துணியில் ஒரு துண்டை வெட்டித் தீப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 20

பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஹெராக்லியோன் போனேன். வழியெல்லாம் வாந்தி. தீப்பெட்டியையும் அண்ணனின் பழைய சட்டைக்கையையும் க்ளியோனிக்கியின் முன்னால் வைத்தேன்.

“யாரோடது?” என்றாள்.

“சொல்ல மாட்டேன்.”

என் கிழிந்த காதைப் பார்த்தாள். கரைசலை இன்னும் மெலிதாக்கி, துணிகளை அதில் வெகுநேரம் ஊற வைத்தாள். “அவசரப்பட்டா உருவம் போயிடும். உருவம்தான் நமக்கு வேணும்.” பிறகு ஊதா விளக்கு வைத்த நுண்ணோக்கியில் முதலில் சட்டைக்கையை வைத்தாள்.

ஊசிகள். பச்சை ஊசிகள், வைக்கோல் போரைக் கொட்டிவிட்டதுபோல. “இது உன் அண்ணன். எங்க பாத்தாலும் அடையாளம் தெரியும். அவன் வளத்த பிள்ளைங்க.”

அடுத்தது தீப்பெட்டித் துணி. உருண்டைகள். பெரிசும் சிறிசுமாக. ஒரு ஊசிகூட இல்லை.

“உருகித் துளியாத் தெறிச்சு காத்துல ஆறின ஈயம் இப்படித்தான் இருக்கும்,” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “இது ஆய்வுக்கூடத்துல வராது கண்ணு. இது துப்பாக்கி.”

“ஊசி உருண்டையா மாறாதா?”

“மாறாது. உள்ள என்ன வேணா மாறும். உருவம் மாறாது.”

போலீஸுக்குப் போவோம் என்றாள். ஒரு பிள்ளை கத்தரிக்கோலால் வெட்டியதை எந்தக் கோர்ட் ஏற்கும் என்றும் அவளே சொன்னாள். நான் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். போலீஸிடம் சொல்வதா? என் தாய்மாமனை?

சாயந்திரம் மாமா கோட்டு வாங்க வந்திருந்தார். அம்மா கோழிகளிடம் போயிருந்தாள். பித்தானை இழுத்துப் பார்த்தார். பிறகு உள்பைக்குள் கையை விட்டார். கை அப்படியே நின்றது.

“எலி கடிச்சிருக்கே.”

என் தாடையைப் பிடித்துத் தூக்கினார். குதிகால் தரையை விட்டு எழும்பியது. ராக்கிச் சாராய நாற்றம். “எங்க வீட்ல எலி வந்தா என்ன பண்ணுவோம் தெரியுமா அர்கிரோ? கொல்ல மாட்டோம். நாக்க மட்டும் எடுத்துருவோம். அப்புறம் அது கடிக்காது.” சிரித்தார். கன்னத்தில் முத்தமிட்டார். போனார்.

பல் ஒன்று ஆடுகிறது.

அக்டோபர் 21

அண்ணனைச் சுட்டுவிட்டார்கள். கொட்டிலில் விடியும்போது மூன்று பேர். தொடையில் ஒன்று, கதவில் மீதி. பாறையில் உருண்டு பள்ளத்தில் விழுந்ததால் உயிர் தப்பினான். அந்த வழியாக வந்த தேன்காரர் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எலும்பு நொறுங்கியிருக்கிறது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது. உயிர் இருக்கிறது.

ஒரு குஞ்சுக்கும் தெரியாத வழி.

அக்டோபர் 22

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்: “அந்த இடம் ஹரிதிமோஸுக்கு மட்டுந்தானே தெரியும். அவன் யாருகிட்டயும் சொல்லியிருக்க மாட்டான். பின்தொடர்ந்து வந்திருப்பானுங்க.”

திரும்பத் திரும்பச் சொன்னாள். மூன்றாவது முறை அது கேள்வியாகிவிட்டது.

நான் அவளைச் சாமான் அறைக்கு இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினேன். தீப்பெட்டியைத் திறந்து டார்ச்சை அடித்தேன். நான்கு நாளாகியும் ஒளி மங்கவில்லை. அண்ணனின் ஏடுகள் தாங்குகின்றன.

“இது என்னது?”

சொன்னேன். எல்லாவற்றையும். ஊசி, உருண்டை, எலி, நாக்கு, பல். அம்மாவுக்கு வேதியியல் தெரியாது. ஆனால் துணியைத் தெரியும். விரலால் தடவி, தன் தையலை அடையாளம் பார்த்தாள்.

“இது நான் மடிச்சு அடிச்ச ஓரம்,” என்றாள்.

துணியை முகத்தருகே கொண்டுபோனாள். முகத்தில் அதன் பச்சை.

“அவனுக்கு மூணு வயசு இருக்கறப்ப கிணத்துல விழுந்தான். நாந்தான் எறங்கித் தூக்குனேன்,” என்றாள். பிறகு, “அணைச்சுடு.”

அக்டோபர் 23

அம்மா பட்டப்பகலில், ஊர் பார்க்க, கலாதியாவின் வீட்டுக்கு நடந்தாள். என்னையும் டார்ச்சையும் கூட்டிக்கொண்டு. தியோஹாரிஸ் வாசலை மறித்தான். “வர்திஸ் வீட்டுக்காரி, திரும்பிப் போ. பொம்பளை மேல கை வைக்க வெச்சுராத.”

“வெச்சுக்கோ. ஆனா முதல்ல உங்கம்மாவக் கூப்பிடு. ஒரு தாயிகிட்டப் பேச வந்திருக்கேன்.”

கலாதியா உள்ளே விட்டாள். ஜன்னலை மூடச் சொன்னோம். நான் டார்ச்சை அடித்தேன். தீப்பெட்டித் துணி பச்சையாக ஒளிர்ந்தது; சுட்ட துப்பாக்கியை வைத்த பையின் துணி இது என்றேன்.

“யாரோடது?” என்றாள் கலாதியா.

அம்மா சொன்னாள்.

“நீ பெத்தவன காப்பாத்த யார் பேர வேணா சொல்லுவ.”

“யார் பேர வேணா சொல்லலாம். உலகத்துல எத்தனை பேரு இருக்கு. எந்த அக்காடி தம்பி பேரச் சொல்லுவா?”

கலாதியா திரும்பி மகனைப் பார்த்தாள். “கொட்டில் எங்க இருக்குன்னு உனக்கு யாருடா சொன்னது?”

தியோஹாரிஸ் தரையைப் பார்த்தான். அது போதும்.

அவன் பற்களைக் கடித்துக்கொண்டு, “நாளைக்கே அவன் தலைய...” என்று ஆரம்பித்தான். அம்மா எழுந்துவிட்டாள். “அது இனி உங்க வீட்டு விஷயம். என் பிள்ளைய விடுங்க.”

அம்மா வீட்டுக்கு வந்ததும் கருப்பு உடுத்திக்கொண்டாள்.

“யாருக்கும்மா?”

“அவன் இன்னும் சாகல. ஆனா எனக்குப் பழகணும்ல.”

அக்டோபர் 24

காலையில் அம்மா ரொட்டி சுட்டாள். மாமா தன் வடிசாலையில் இருந்தார், இந்த வருஷத் திராட்சைச் சக்கையில் ராக்கி இறக்கிக்கொண்டு. உண்மை தியோஹாரிஸுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியாது. “ரொட்டி குடுத்துட்டு வர்றேன்,” என்றாள் அம்மா. கூடையை வெள்ளைத் துணியால் மூடியிருந்தாள். நான் பள்ளிக்குப் போனேன்.

நாள் முழுக்க எதிரே தியோஹாரிஸ். இன்று என்னைப் பார்க்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் காபி குடித்தான். கடைசி மணி அடிக்கும்வரை அந்த நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்குத் தெரியும். நான் பாடத்தைக் கவனிக்கவில்லை, அவனைத்தான் கவனித்தேன்.

வீட்டுக்கு வரும்போது தெருவில் ஓட்டம். மாமாவை வடிசாலையில் கொப்பரைக்குப் பக்கத்தில் கண்டெடுத்தார்களாம். நெஞ்சில் ஒன்று, முகத்தில் ஒன்று. மதியமே நடந்திருக்கிறது. கொப்பரைத் தீ அணையாததால் அந்தப் பக்கத் தாடியும் காதும் கருகியிருந்ததாம். ராக்கி மட்டும் கடைசிவரை சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டே இருந்ததாம். பக்கத்தில் உடைக்காத ரொட்டி.

அம்மா கோழிகளுக்கு மாவைக் கொட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியோடு. அத்தனை மாவையும்.

“ஏம்மா?”

“அந்துப்பூச்சி விழுந்திருக்கு.”

பெட்டியின் அடி தெரிந்தது. ஒன்றும் இல்லை.

அக்டோபர் 27

அடக்கம். அம்மா தம்பியின் நெற்றியில் முத்தமிட்டு ஒப்பாரி வைத்தாள். அவள் அழுதது பொய்யில்லை. முகத்தைப் பிறாண்டிக்கொண்டாள், ரத்தம் வந்தது, மூன்று பெண்கள் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கிணற்றைப் பற்றிப் பாடினாள்.

ஊர்வலம் காபிக்கடையைத் தாண்டும்போது தியோஹாரிஸ் எழுந்து நின்றான். வழவழவென்று மழித்த முகம். எல்லோரும் பார்த்தார்கள். பழி தீர்ந்தது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. அவனும் ஆமென்று சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. செய்யாததைச் செய்ததாக ஊர் நம்பும்போது மறுத்தால் அவனுக்குத்தானே வெட்கம்?

போலீஸ் அவனைக் கூப்பிட்டுக் கேட்டது. காபிக்கடையில் இருந்தேன் என்றானாம். ஊரே சிரித்தது. எங்கள் ஊரில் எல்லோரும் எப்போதும் காபிக்கடையில்தான் இருந்திருப்பார்கள்.

ஆனால் அவன் நிஜமாகவே அங்கேதான் இருந்தான். நான் பார்த்தேனே. அப்படியென்றால் —

நவம்பர் 9

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான். இடது கால் இனி மடங்காது. க்ளியோனிக்கிதான் காரில் கொண்டுவந்து விட்டாள். “பட்டம் வந்துச்சோ இல்லையோ, தடி வந்துருச்சு,” என்றாள். அண்ணன் சிரித்தான். காது சிவந்தது. தியோஹாரிஸ் வீட்டிலிருந்து ஒரு பானை தேன் வந்தது. வாங்கி உள்ளே வைத்தோம்.

கலாதியா சொன்னாளா, க்ளியோனிக்கி சொன்னாளா தெரியவில்லை, அண்ணனுக்குப் பையின் கதை தெரிந்திருக்கிறது. “குப்பில மிச்சம் இருக்கா வாலு?” என்று கேட்டான். அடியில் கொஞ்சம் இருக்கிறது என்றேன்.

அம்மா புது மாவு வாங்கி வந்து பிசைந்துகொண்டிருந்தாள். கருப்புக் கம்பளிச் சட்டையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தாள். வலதுகை நுனியை இரண்டு முறை துவைத்தாள் என்பது எனக்குத் தெரியும். எத்தனை துவைத்தாலும் போகாது என்பதும் தெரியும். அண்ணன்தானே சொன்னான். இரண்டு சொட்டு போதும். உருண்டையா, ஒன்றுமே இல்லையா என்று தெரிந்துவிடும்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். என் கையிலிருந்த குப்பியைப் பார்த்தாள். பிசைவதை நிறுத்தவில்லை. “தண்ணி கொஞ்சம் ஊத்து,” என்றாள்.

மாவில் தண்ணீர் ஊற்றினேன். பிறகு குப்பியில் மிஞ்சிய கரைசலைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன். கழுவிவிட்டேன்.

புது ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. அண்ணன் பக்கத்து அறையில் குறட்டை விடுகிறான். டார்ச்சை விறகுக்குப் பின்னால் தேள்களிடம் விட்டுவிட்டேன். இன்று மேசை விளக்கை ஏற்றி வைத்து எழுதுகிறேன். மஞ்சள் வெளிச்சம். இதில் எல்லாம் இருக்கிறபடிதான் தெரிகிறது: மேசை மேசையாக, ரொட்டி ரொட்டியாக, கதவுக்குப் பின்னால் அம்மாவின் சட்டை வெறும் கருப்பாக.